வெங்காயம் போட்ட சாட்சி

"பாஸ், கொலைகாரன் வீடுன்னு சொன்னாங்க. நம்பல. கதவைத் திறந்தவர் கையில ஒரு கால் இருக்கு, பாருங்க" என்று கசில்டாவின் காதோரம் முணுமுணுத்தான் பிளாஸ்.

கால் இருந்தது உண்மைதான். முழங்காலிலிருந்து பாதம் வரை. ஆனால் மரக்கால். அவர்களை உதவிக்குக் கூப்பிட்ட மூன்றாவது மாடி ரொசெண்டோவின் மறு கையில் உப்புத்தாள் இருந்தது. மூக்கின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. கண்களுக்குக் கீழே ஒரு வாரத் தூக்கம் பாக்கி.

கசில்டாவுக்கு வயது ஐம்பத்தாறு. ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் தொலைந்துபோன நாய், கணவன், உயில் எல்லாவற்றையும் இருபது வருடமாகத் தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பவள். அவளுடைய உதவியாள் பிளாஸ் முன்னாள் டாக்சி டிரைவர். நாற்பத்திரண்டு வயது. எந்த வீட்டுக்குள்ளும் அவனுடைய தொப்பை முதலில் நுழையும், பிறகு அவனுடைய வாய், கடைசியாக அவன். இந்த வழக்கில் அவன் தொப்பைதான் ஜெயிக்கப்போகிறது என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

"நான் பொம்மலாட்டக்காரன் மேடம்" என்றான் ரொசெண்டோ. "குடி வந்து மூணு மாசம் ஆகுது. ரம்பச் சத்தம் கேட்டுதாம். இதோ, இந்தக் கால்தான். விடியக்காலைல பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் போனேனாம். உள்ள ஒரு ராஜாவும் கழுதையும் இருந்தாங்க. பிளீச்சிங் வாசனை வந்துதாம்…"

"அது?"

அவன் உள்ளறைக் கதவைத் திறந்தான். சின்னக் கட்டில். சுவர் முழுக்க மஞ்சள் வண்ணத்தில் மீன்கள். தரையைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தான்.

"என் பொண்ணு நியேவெஸ். ஆறு வயசு. அவ அம்மா போனதுலேருந்து உவெஸ்கா ஊர்ல பெரியம்மா வீட்ல இருக்கா. திங்கட்கிழமை குழந்தைகள் நலத்துறைலேருந்து வீட்டைப் பார்க்க வராங்க. எல்லாம் சரியா இருந்தா அன்னிக்கே அவளை எங்கிட்ட விட்டுடுவாங்க." அவன் மரக்காலைக் கீழே வைத்தான். "இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கீழ குடியிருப்போர் கூட்டம். ரெண்டாவது மாடி பெரியவர் தோன் சிப்ரியானோவை ஒன்பது நாளா காணோம், அவரை நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. போலீஸ் சந்தேகப்படற ஆள் வீட்ல எந்த அதிகாரி மேடம் குழந்தையை விடுவாங்க?"

பிளாஸுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சொல்ல வந்த ஜோக்கை அப்படியே விழுங்கினான்.

"மணி ஒண்ணே முக்கால்" என்றாள் கசில்டா. "எட்டு மணிக்குள்ள அவரைத் தேடிடுவோம். நீங்க காலை ஒட்டுங்க."

இரண்டாவது மாடியில் மூன்று கதவுகள். இடப்பக்கம் காணாமல் போன சிப்ரியானோ. வலப்பக்கம் விதவை ஃபெலிசா. நடுவில் குடியிருப்போர் சங்கத் தலைவி பெட்ரா அம்மாள். கசில்டா மணியை அழுத்த விரலை நீட்டும்போதே நடுக்கதவு திறந்துகொண்டது.

"நாலு நிமிஷம் முன்னாடி மாடி ஏறினீங்க, இப்பதான் இறங்கறீங்க" என்றாள் பெட்ரா அம்மாள். மூக்கு சிவந்து, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. கதவு லென்ஸுக்குப் பின்னால் மெத்தை போட்ட நாற்காலி, தெர்மாஸ், ஒரு நோட்டு. "அந்தப் பொம்மைக்காரன் அழுதானா? நல்லா அழுவான். நடிப்புதானே தொழில்."

"நீங்க இங்கயே குடித்தனம் பண்றீங்களாம்மா?" என்றான் பிளாஸ், நாற்காலியைப் பார்த்து.

"கிண்டல் பண்ணாதேப்பா. போன வாரம் புதன்கிழமை மதியம் வரைக்கும் அவரைப் பார்த்தவங்க இருக்காங்க. வியாழன், வெள்ளி ரெண்டு நாள் ரொட்டி அவர் கதவுல பையோட தொங்குச்சு. ரொட்டிக்காரன் மாட்டிட்டுப் போனது மாட்டினபடியே. சிப்ரியானோ ரொட்டியைக் காய விடற ஆளா? அப்பவே எனக்குப் பகீர்னுது. அந்த வெள்ளிக்கிழமை காலைலேருந்து நாற்காலியை இங்க போட்டுட்டேன். மதியத் தூக்கம் போச்சு. ராத்திரியும் இங்கதான் சாய்ஞ்சு தூங்கறேன், கதவு கிரீச்சுன்னா முழிச்சுப்பேன். இந்தக் கதவிடுக்குக் காத்துல சளி பிடிச்சு மூக்கே அடைச்சுப்போச்சு." நோட்டைத் தட்டினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். என் கண்ணுக்குத் தெரியாம இந்த மாடியில ஒரு ஈ கூடப் போகல."

"ஒரு ஈ கூட?" என்றாள் கசில்டா.

"ஈ கூட!"

கசில்டா அந்தப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டதைப் பிளாஸ் கவனித்தான். எதற்கு என்றுதான் புரியவில்லை. ஈயைப் பற்றி இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது?

தலைவி என்ற முறையில் பெட்ரா அம்மாளிடம் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு. சிப்ரியானோவின் வீட்டைத் திறந்துவிட்டாள். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருந்தது. உப்பு டப்பாவில் 'உப்பு'. போன் மேஜையில் உயிரை விட்டிருந்தது. கொக்கியில் ஓவர்கோட், தொப்பி. அலமாரிக்குக் கீழே பளபளவென்று இரண்டு ஜோடி ஷூ.

"மொத்தம் எத்தனை ஜோடி வெச்சிருந்தார்?" என்று கேட்டாள் கசில்டா.

"ரெண்டுதான். கறுப்பு, பழுப்பு. அப்புறம் வீட்டுக்குள்ள போடற கம்பளிச் செருப்பு ஒண்ணு, கட்டம் போட்டது."

கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு வீடு முழுக்கத் தேடியும் இல்லை.

"ஆக, செருப்போட போயிருக்கார்" என்றான் பிளாஸ்.

"யாரு, சிப்ரியானோவா? குப்பை போடறதுக்கே டை கட்டி, ஷூ போட்டு, தொப்பி வெச்சுட்டுத்தான் கீழ இறங்குவார். அந்தச் செருப்போட தெருவுல கால் வைக்கறதைவிட அவர் செத்தே போயிடுவார்."

"அப்போ தெருவுக்குப் போகல" என்றாள் கசில்டா. "கட்டிடத்தைவிட்டே போகல."

பெட்ரா அம்மாளின் அடைத்த மூக்கு ஒரு கணம் திறந்துகொண்டது போலிருந்தது. "அதானே! கீழ இறங்கல. அப்போ மேல ஏறியிருக்கார்! ரம்பச் சத்தம் தாங்காம சண்டை போட மூணாவது மாடிக்கு, அந்தப் பொம்மைக்காரன் வீட்டுக்கு! ஏறினார், இறங்கல! இதை முதல்ல எழுதணும்." நோட்டோடு வாசலுக்கு ஓடினாள்.

பிளாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "சூப்பர் பாஸ். கட்சிக்காரரைக் காப்பாத்த வந்து அவர் கழுத்துக்குக் கயிறு திரிச்சுக் கொடுத்துட்டோம். இதுக்கு நாம வராமலே இருந்திருக்கலாம்."

கசில்டா சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். கட்டிடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம். எல்லா வீட்டுச் சமையலறையும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். குறுக்கே துணிக்கொடிகள். மணி இரண்டரை. ஊரே சமைக்கிற நேரம். முற்றத்தில் ரகசியம் தங்காது. யார் வீட்டில் பூண்டு, யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை, எல்லாம் அதில்தான் இறங்கும்.

பிளாஸின் மூக்கு தானாக நிமிர்ந்தது. "மேல பட்டாணி. கீழ ஏதோ கருகுது, பாவம். எதிர் ஜன்னல்…"

எதிர் ஜன்னலிலிருந்து டக்-டக்-டக் என்று சத்தம். தட்டில் முட்கரண்டியால் முட்டை அடிக்கிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கனமாகச் சுடுகிற தொர்த்தியா தயாராகிறது.

"அது ஃபெலிசா" என்றாள் பெட்ரா அம்மாள், வாசற்படியிலிருந்தே. "அந்த அம்மாகிட்ட விசாரிச்சுப் பிரயோஜனம் இல்ல. அவளுக்கும் சிப்ரியானோவுக்கும் பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது."

"என்ன சண்டை?"

"மொட்டை மாடியில சான் ஹுவான் திருவிழா விருந்து. இவ தொர்த்தியா கொண்டு வந்தா. அவர் ஒரு வாய் தின்னுட்டு, 'வெங்காயம் போடாத தொர்த்தியா மணி இல்லாத மாதா கோயில் மாதிரி'ன்னுட்டார், அத்தனை பேர் முன்னாடி. இவ விடுவாளா? 'அழுகின முட்டையை மறைக்கறவங்கதான் வெங்காயம் போடுவாங்க'ன்னா. அன்னியோட சரி. அவள் வீட்டுக்குள்ள வெங்காயம் நுழைஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு."

பிளாஸ் பெருமூச்சு விட்டான். இது விளையாட்டு இல்லை. இந்த நாட்டில் அரசியலால் பிரிந்த குடும்பங்கள் பிறகு சேர்ந்துவிடும், வெங்காயத்தால் பிரிந்தவை சேருவது கஷ்டம். அவன் வீட்டிலேயே மனைவி வெங்காயக் கட்சி, அவன் எதிர்க்கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தொர்த்தியா.

எதிர் ஜன்னலில் முட்டை அடிக்கிற சத்தம் நின்றது. எண்ணெயில் விழுகிற 'சொய்ங்'. சற்று நேரம். மறுபடியும் டக்-டக்-டக்.

கசில்டாவும் பிளாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனியாக இருக்கிற விதவைக்கு எதற்கு இரண்டாவது தொர்த்தியா?

அப்போதுதான் முற்றத்தைத் தாண்டி அது வந்தது. இனிப்பும் காரமுமாக, சின்னத் தீயில் பொன்னிறமாக வதங்குகிற வாசனை.

"பாஸ்" என்றான் பிளாஸ் மெதுவாக. "வெங்காயம்."

பெட்ரா அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அடைத்த மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. கசில்டா ஜன்னலைச் சாத்தினாள்.

வலப்பக்கக் கதவு திறக்கும்போது அதன் கீல் பிரசவ வேதனையில் அலறுவது போல அலறியது. ஃபெலிசாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தலைமுடி பார்லரில் சீர் செய்தது. காதில் முத்து. சமைக்கிறவள் உதட்டில் எதற்குச் சாயம் என்று பிளாஸ் யோசித்தான்.

"சிப்ரியானோவா? எனக்கென்ன தெரியும்? பெட்ரா வந்து கேட்டப்பவே சொல்லிட்டேன். அந்த மனுஷன் செத்திருந்தா மாதாவுக்கு நன்றியா ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவேன்."

"வாசனை நல்லா இருக்கு" என்றபடி கசில்டா கேட்காமலே உள்ளே போனாள். மேஜையில் ஆவி பறக்கும் இரண்டு தொர்த்தியா. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"தங்கச்சி வரா" என்றாள் ஃபெலிசா அவசரமாக. "அவளுக்கு வெங்காயம் போட்டாதான் பிடிக்கும்."

"என் ஆள் காலைலேருந்து பட்டினி. ரெண்டுலேருந்தும் ஒவ்வொரு துண்டு கொடுப்பீங்களா?"

விருந்தாளி வாய் திறந்து கேட்டபிறகு இல்லை என்று சொல்ல எந்தச் சரகோசாக்காரிக்கும் நாக்கு வராது. ஃபெலிசா வெட்டி வைத்தாள். பிளாஸ் முதல் துண்டைச் சாப்பிட்டான், கண்ணை மூடினான். இரண்டாவதைச் சாப்பிட்டான், கண்ணைத் திறந்தான். 'இதுல விஷம் இருந்தா என்ன பண்றது?' என்ற யோசனை அப்போதுதான் வந்தது. வழக்கம்போல லேட்.

"பிளாஸ்" என்றாள் கசில்டா, தேவைக்கு அதிகமான சத்தத்தில். "உண்மையைச் சொல்லு. எது நல்லா இருக்கு?"

"இதுல என்ன பாஸ் கேள்வி? வெங்காயம் இல்லாததுதான். மத்தது உருளைக்கிழங்குக் களி. வெங்காயம்கிறது சமைக்கத் தெரியாதவங்களுக்குக் கடவுள் கொடுத்த ஊன்றுகோல். வெங்காயம் போட்ட தொர்த்தியாவை விரும்பறவனுக்கு நாக்கே கிடையாது, வாயில இருக்கறது வெறும் செருப்புத் தோல்…"

"யாருடா அவன் அறிவுகெட்டவன்!"

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் நாப்கின் செருகி, அதற்குக் கீழே டை கட்டி, கட்டம் போட்ட கம்பளிச் செருப்போடு தோன் சிப்ரியானோ நின்றார். ஒன்பது நாள் எத்தனையோ கதவுத் தட்டலுக்கும், போன் மணிக்கும், பெட்ரா அம்மாளின் கூப்பாட்டுக்கும் மூச்சு விடாமல் இருந்த மனிதர். வெங்காயத்துக்கு ஒரு வசவு வந்ததும் தாங்க முடியவில்லை.

 சிப்ரியானோ மெதுவாக நாப்கினை உருவி மடித்தார்.

"கடவுளே" என்றாள் ஃபெலிசா. "பதினோரு வருஷம் கழிச்சும் உங்க வாய் அடங்கல பாருங்க."

கதை இதுதான். புதன்கிழமை மதியம் ஃபெலிசா பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, கேஸ் அணையவில்லை. முற்றத்தில் அந்த வாசனையை முதலில் பிடித்தது எதிர்வீட்டு மருந்துக்கடை மூக்கு. தன் வீட்டுக் கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டு, செருப்போடு ஓடிவந்து இந்தக் கதவை இடித்தார்.

"அரை மயக்கத்துல எழுந்து கதவைத் திறந்தேன்" என்றாள் ஃபெலிசா. "உயிரைக் காப்பாத்திட்டார். காப்பாத்திட்டு ஒரு மணி நேரம் திட்டினார். திட்டினவருக்குக் காப்பி போடணும்ல? அன்னிக்குத் திட்டி முடியல. மறுநாளும் திட்டினார்."

"மூணாம் நாள் வீட்டுக்குப் போகலாம்னு பார்த்தா, எதிர்ல அந்த லென்ஸ்ல கண்ணு!" என்றார் சிப்ரியானோ. "ராத்திரி மூணு மணிக்குப் பார்த்தேன். இந்தக் கீல் கத்துச்சு, உடனே அங்க விளக்கு எரிஞ்சுது."

பிளாஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காணாமல் போனவரைக் கண்டுபிடிக்கக் காவல் உட்கார்ந்த பெட்ரா அம்மாள்தான் அவரை இங்கே பூட்டி வைத்திருந்தாள்! ஒரு ஈ கூடப் போகவில்லை என்றால், ஈ இந்த மாடியிலேயேதான் இருக்கும். கசில்டா அதைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

"சரி, எட்டு மணிக்குக் கீழ வந்துடுங்க" என்றாள் கசில்டா.

இருவர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது.

"முடியாது" என்றாள் ஃபெலிசா. "இந்த மனுஷனைப் பத்தி நான் பேசாத பேச்சில்ல. இப்ப ஒன்பது நாளா என் வீட்ல இருந்தார்னா நாலு பேர் என்ன சொல்வாங்க? படிக்கட்டுல ஏறும்போதெல்லாம் சிரிப்பாங்க. நான் சாகற வரைக்கும் சிரிப்பாங்க!"

"சிரிப்பாங்க" என்றான் பிளாஸ். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை. அவனுக்கே அது அந்நியமாகக் கேட்டது. "சிரிச்சா காது வலிக்கும், அவ்வளவுதான். மேல ஒருத்தர் சுவர்ல மீன் வரைஞ்சு வெச்சிருக்கார். ஆறு வயசுக் குழந்தைக்கு. இன்னிக்கு நீங்க வாயைத் திறக்கலேன்னா அந்த மீனைப் பார்க்க அவ வரவே மாட்டா. ரம்பச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். ஊர் அவரை என்ன சொல்லுதுன்னும் கேட்டிருக்கும். கேட்டுட்டு ரெண்டு தொர்த்தியா சுட்டுச் சாப்பிட்டிருக்கீங்க."

ஃபெலிசா தலையைக் குனிந்துகொண்டாள். சிப்ரியானோ டையைச் சரி செய்தார், சரியாக இருந்த டையை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கசில்டா. "எட்டு மணி. மறக்காதீங்க."

படியிறங்கும்போது பிளாஸ் பொருமினான். "நாமளே போட்டு உடைச்சா என்ன பாஸ்?"

"நாம உடைச்சா அவங்க அகப்பட்டவங்க. தானா வந்தா சாட்சி. அந்த அப்பனுக்கு இப்ப வேண்டியது சாட்சி."

"வரலேன்னா?"

"வெங்காயத்துக்கே வெளிய வந்த மனுஷன்டா."

எட்டு மணிக்குக் கீழ்க்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வெளியே வாடைக்காற்று கதவை உலுக்கியது. கடைசி வரிசையில் ரொசெண்டோ தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்து நாற்காலிகள் இரண்டு பக்கமும் காலி.

பெட்ரா அம்மாள் புகாரைப் படித்தாள். தும்மலோடு சேர்த்து ஒரு பக்கம். "ஏறினார், இறங்கல" என்ற வரியை இரண்டு தடவை படித்தாள். "சம்மதம்னா கை தூக்குங்க."

ஒரு கை, பிறகு நாலு, பிறகு கூடம் முழுக்கக் கைகள். பிளாஸ் லிஃப்டையே பார்த்தான். அது அசையவில்லை. எட்டு மணி ஆறு நிமிடம். ரொசெண்டோ எழுந்து வெளியே போகத் தொப்பியை மாட்டினான். 

மேலே எங்கோ ஒரு கீல் அலறியது.

லிஃப்ட் இறங்கி வந்து திறந்தது. டை கட்டி, தலையைப் படிய வாரிய சிப்ரியானோ. காலில் மட்டும் கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு. ஷூ இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தது பெட்ரா அம்மாள் அல்லவா! அவர் பக்கத்தில் ஃபெலிசா, முத்தும் உதட்டுச் சாயமுமாக, அவர் கையைக் கோத்துக்கொண்டு.

"நான் ஒன்பது நாளா ரெண்டாவது மாடி வலப்பக்கம் இருக்கேன்" என்றார் சிப்ரியானோ. "யாரும் கடத்தல. இந்த அம்மா சோறு போட்டாங்க. அந்தப் பையன் மேல ஒரு பழியும் கிடையாது. இதை ஒன்பது நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும், வெட்கப்பட்டுட்டு ஒளிஞ்சுட்டேன். தப்பு என்னுது. சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம். சிரிச்சு முடிச்சுட்டுக் கையை இறக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் பெட்ரா அம்மாளின் கை மட்டும் மேலே நின்றது, இறக்க மறந்துபோய்.

"வெங்காயம் போட்டாளா?" என்று கேட்டாள் அவள், ஈனக் குரலில்.

"போட்டேன்" என்றாள் ஃபெலிசா. அப்போதுதான் கூடமே சிரித்தது.

ரொசெண்டோ சிரிக்கவில்லை. முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் சிப்ரியானோ போய் உட்கார்ந்து, அவன் முழங்காலைத் தட்டினார்.

திங்கட்கிழமை காலை பிளாஸுக்கு அந்தக் கட்டிடத்தில் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வந்தான். ஃபெலிசா வீட்டுத் தொர்த்தியா வாசனை இழுத்ததாகச் சொல்லிக்கொண்டான். கசில்டாவும் வந்திருந்தாள், அவள் காரணமே சொல்லவில்லை.

குழந்தைகள் நலத்துறை அம்மணி மூன்றாவது மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். கையில் ஒரு படிவம். இரண்டாவது மாடியில் நின்றாள். நடுக்கதவு தானாகத் திறந்தது.

"அக்கம்பக்கத்துல ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதணும்" என்றாள் அம்மணி. "இந்தக் கட்டிடம் சின்னக் குழந்தைக்குப் பாதுகாப்பானதா?"

பெட்ரா அம்மாள் நிமிர்ந்தாள். மூக்கு இன்னும் சிவப்புதான். கண்ணில் மட்டும் மூன்று நாள் வெட்கம் தெரிந்தது. கதவை அகலத் திறந்து லென்ஸைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள்.

"எழுதிக்குங்க" என்றாள். "என் கண்ணுக்குத் தெரியாம இந்த மாடியில ஒரு ஈ கூடப் போகாது."

மாலை நாலு மணிக்கு ரொசெண்டோ ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நியேவெஸுமாக மாடி ஏறினான். இரண்டாவது மாடியில் அந்தக் குழந்தை நின்று, நடுக்கதவின் லென்ஸை எட்டிப் பார்த்து, நாக்கை நீட்டியது.

கதவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. உள்ளிருந்து கதவை இரண்டு முறை தட்டுகிற சத்தம் கேட்டது, 'பார்த்துட்டேன்' என்கிற மாதிரி.